கேரியும் ஃபாஸ்டரும் இரண்டு பேரா? அறிவியல் வரலாற்றை எப்படி நடத்துவது?

குடியாத்தத்துக்காரன்:

வணக்கம். குடியாத்தம் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் இயற்பியல் கௌரவ விரிவுரையாளர், இது ஆறாவது வருடம். போன மாதம் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. லேபில் கேரி ஃபாஸ்டர் பிரிட்ஜ் (மின்தடை அளக்கும் கம்பிச் சுற்று) சோதனை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாணவி, வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார், ஜாக்கியை, அதாவது கம்பியைத் தொட்டு நகர்த்தும் முனையை, கம்பிமேல் வைத்தபடியே கேட்டாள்: "சார், கேரியும் ஃபாஸ்டரும் சேர்ந்து கண்டுபிடிச்சாங்களா?" யோசிக்காமல் "ஆமாம்மா" என்றுவிட்டேன். ராத்திரி தேடிப் பார்த்தால் ஜார்ஜ் கேரி ஃபாஸ்டர், ஒரே ஆள்.

மறுநாள் வகுப்பில் ஒப்புக்கொண்டேன். அவள் விடவில்லை. "சரி சார், அவர் எதுக்கு இதைச் செஞ்சார்? அதான் வீட்ஸ்டன் பிரிட்ஜ் இருந்துச்சே." வீட்ஸ்டன் பிரிட்ஜும் மின்தடை அளக்கத்தான், இதற்கு முந்தியது. எம்.எஸ்சி., எம்.ஃபில். முடித்தவன் நான். எத்தனை பேட்ச்சுக்கு இந்தச் சோதனையைச் செய்து காட்டியிருப்பேன்! பதில் வரவில்லை.

இந்த நேரம் பார்த்து, வாரம் ஒரு மணி நேரம் அறிவியல் வரலாறு நடத்து என்று துறையில் சொல்லிவிட்டார்கள். அரிஸ்டாட்டில், கலிலியோ, நியூட்டன் என்று படம் போட்டு, பிறந்த வருடம் இறந்த வருடம் சொல்லிக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம் பாதி வகுப்பு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டது. (பஸ் நிஜமாகவே 4.10-க்குத்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.) நடத்திப் பழகியவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

காட்பாடி பழைய லேப்:

தம்பி, 31 வருடம் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வாத்தியாரும் என்னிடம் இரண்டு பேர் என்றுதான் சொன்னார், அதனால் மனசை விட வேண்டாம்.

படத்தை அணைத்துவிட்டு லேப் அலமாரியைத் திறங்கள். உங்களுக்கு வேண்டிய வரலாறு முக்கால்வாசி அங்கேதான் தூசி படிந்து கிடக்கிறது.

ஃபாஸ்டர் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர். அந்தக் காலத்தில் இயற்பியல் படிப்பு என்றால் பேராசிரியர் மேசையில் செய்து காட்டுவார், பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். வேதியியல்காரர்கள் முந்திக்கொண்டார்கள்: ஜெர்மனியில் கீசன் ஊரில் லீபிக் 1820-களிலேயே மாணவர் கையில் குடுவையைக் கொடுத்துவிட்டார். இயற்பியலில் அது வர இன்னும் நாற்பது வருடம் ஆனது. ஃபாஸ்டர் 1866-ல் மாணவர்கள் தாங்களே சோதனை செய்ய ஒரு லேப் திறந்தார். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் லேபே 1874-ல்தான்.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். அது தந்திக் காலம். அட்லாண்டிக் கடலடிக் கம்பி 1866-ல் நிலையாக வேலை செய்ய ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான மைல் கம்பியில் பழுது எங்கே என்று கரையில் உட்கார்ந்து மின்தடையை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு, ஒப்பிட்டுப் பார்க்க அளவு தெரிந்த மின்தடைச் சுருள்கள் வேண்டும். ஒரு சுருளைப் பார்த்து இன்னொன்று செய்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், ஆனால் அச்சாக ஒன்றாக இருக்காது. அந்தத் துளி வித்தியாசத்தை எப்படி அளப்பது? சாதாரண பிரிட்ஜில் கம்பி முனையில் இருக்கும் பித்தளைப் பட்டை, திருகு, பற்றவைப்பு இதற்கெல்லாம் ஒரு தடை உண்டு. துளி வித்தியாசம் அதிலேயே காணாமல் போய்விடும்.

1872-ல் ஃபாஸ்டர் சொன்ன வழி: வெளி இடைவெளிகளில் இருக்கும் இரண்டு சுருளையும் இடம் மாற்று, சமன்புள்ளி (மின்னோட்டம் காட்டும் முள் பூஜ்யத்தில் நிற்கும் இடம்) கம்பியில் எவ்வளவு நகர்கிறது என்று பார். நகர்ந்த நீளத்தை ஒரு சென்டிமீட்டர் கம்பியின் தடையால் பெருக்கினால் வித்தியாசம் கைக்கு வந்துவிடும். முனைத் தடை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதேதான், ஆகவே கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. "இடம் மாத்திப் போடுடா" என்று லேபில் அதட்டுகிறோமே, அந்த ஆளின் மூளை முழுக்க அந்த மாற்றுதலில்தான் இருக்கிறது. நாம் அதை எட்டாவது ஸ்டெப் என்று எழுத வைக்கிறோம்.

நான் கடைசி சில வருடம் செய்தது இது. முதலில் சின்ன யுரேகா (செம்பு-நிக்கல் கலவை) கம்பித் துண்டு ஒன்றை மீட்டர் பிரிட்ஜில், அதாவது ஒரு மீட்டர் கம்பி வைத்த சாதாரண வீட்ஸ்டன் பிரிட்ஜில், அளக்கச் சொல்வேன். ஆளுக்கு ஒரு விடை வரும், சண்டை போடுவார்கள். வாயே திறக்க மாட்டேன். அடுத்த வாரம்தான் கேரி ஃபாஸ்டர். முதலில் தோற்கவிடுங்கள் தம்பி.

இன்னொரு வேடிக்கை. அட்டை மாதிரி வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருளின் வெப்பக் கடத்துதிறனை அளப்போமே, லீ தட்டு முறை. அந்த ஆள் பெயர் லீ இல்லை, லீஸ். சார்லஸ் ஹெர்பர்ட் லீஸ், மான்செஸ்டர்காரர், 1898. நாம் கடைசி எழுத்தை வேற்றுமை உருபு என்று நினைத்து வெட்டிவிட்டோம். வீட்ஸ்டன் பிரிட்ஜும் வீட்ஸ்டனுடையது இல்லை. சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி 1833-லேயே சொன்னது. 1843-ல் வீட்ஸ்டன் அதைப் பிரபலமாக்கினார், கிறிஸ்டி பெயரையும் மறைக்காமல் சொன்னார். பெயர் யாருக்குப் போய் ஒட்டியது பாருங்கள்.

வைவா பயம்:

ஐயா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் ஃபார்முலா, ரீடிங், ரெக்கார்டு நோட்டு, இதைத் தாண்டி ஏதாவது கேட்டிருக்கிறாரா? நானும் ராணிப்பேட்டை பக்கம் இதே வேலைதான். பிள்ளைகள் தேறணும், எனக்கு அடுத்த வருடம் வேலை இருக்கணும். கிறிஸ்டிக்கு மார்க் கிடையாது.

காட்பாடி பழைய லேப்:

நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அந்தப் பயத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தபோது லண்டனைப் பார்த்து வைத்தார்கள். தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது, அவ்வளவுதான் பல்கலைக்கழகத்தின் வேலை. பாடம் நடத்துவது கல்லூரிகள் பாடு. நம்ம வேலூர் ஊரிஸ் காலேஜ் 1898-ல் வந்ததும் அந்த ஏற்பாட்டுக்குள்தான். பல்கலைக்கழகமே பாடம் நடத்தலாம், லேப் வைக்கலாம் என்று 1904 சட்டத்தில்தான் எழுதினார்கள். நம் ஊரில் கேள்வித்தாள் அண்ணன், லேப் தம்பி. எக்ஸாமினர் அண்ணன் பக்கம் பேசுகிறார்.

ஆலங்காயம் மலையடி:

நான் வாத்தியார் இல்லை, வாணியம்பாடியில் கடை. எங்க ஊருக்கு மேலே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கும்போது எல்லாரும் லண்டனுக்கே போகிறீர்களே என்று எழுதுகிறேன்.

1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்னாலேயே நட்சத்திர ஒளி சட்டென்று ஒருமுறை இறங்கி ஏறியது. பட்டாச்சார்யா, குப்புசாமி இருவரும் அதை யுரேனஸின் புது நிலா என்று வெளியிட்டார்கள். அதே நேரம் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் வைத்த தொலைநோக்கியில் ஓர் அமெரிக்கக் குழு பார்த்தது. அவர்களுக்குக் கோளுக்கு இந்தப் பக்கம் ஐந்து இறக்கம், அந்தப் பக்கமும் ஐந்து. அப்படியானால் நிலா இல்லை, வளையங்கள். காவலூரில் விழுந்ததும் ஒரு வளையத்தின் நிழல்தான்.

எங்க ஊரில் "யுரேனஸ் வளையத்தை நாமதான் கண்டுபிடிச்சோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். நடந்தது அதைவிட ருசி. அளந்தது சரி, அர்த்தம்தான் மாறியது. ஒரு இறக்கம் மட்டும் வரைந்த படத்தை மாணவர்களிடம் கொடுத்து என்ன என்று கேளுங்கள், அப்புறம் பத்து இறக்கம் உள்ள படத்தைக் கொடுங்கள். அப்படியே ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை மேலே கூட்டி வாருங்கள், கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுவிட்டு.

குடியாத்தத்துக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வியாழக்கிழமை யுரேகா கம்பி போட்டேன். மூன்று குழு, மீட்டர் பிரிட்ஜில் 0.09, 0.13, 0.16 ஓம். 0.16 குழு தங்கள் விடைதான் சரி என்று அடம். நேற்று கேரி ஃபாஸ்டரில் மூன்றுமே 0.10-ஐ ஒட்டி வந்தது. 0.16 குழு பிரிட்ஜைத் தலைகீழாகத் திருப்பி எந்தத் திருகு லூஸ் என்று தேட ஆரம்பித்துவிட்டது, லேப் அசிஸ்டண்ட் அண்ணனுக்கு அதில் கொஞ்சம் கோபம். நான்கு பேர் 4.10 பஸ்ஸை விட்டுவிட்டார்கள்.

வைவா பயம் சார், ரெக்கார்டில் எதையும் மாற்றவில்லை. கேள்வி கேட்ட பெண் மட்டும் தலைப்புக்குக் கீழே பென்சிலில் "ஒருவர்" என்று எழுதியிருக்கிறாள். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அடுத்து லீஸ் தட்டு. அதில் தட்டைச் சூடாக்கும் எங்கள் நீராவிக் கலனில் அடியில் ஓட்டை. காட்பாடி ஐயா, ஈயம் வைத்து அடைத்தால் தாங்குமா, புதிதாகத்தான் வாங்கணுமா?