திரவ மசகு பூசிய ஈயக்குண்டு காயாமல் பிசுபிசுக்கிறது: எவ்வளவு ஊற்றுவது, எப்படிப் பூசுவது?

அச்சுவார்ப்பு:

9 மி.மீ. கைத்துப்பாக்கிக்கு 124 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) குண்டு வார்க்கிறேன். உடல் முழுக்க நுண்காடிகள் வரும் அச்சு. ஈயம் பழைய சக்கர எடைகளை உருக்கியது, காற்றில் ஆறவிட்டது. 0.356 அங்குல சைசிங் டையில் (எல்லாக் குண்டையும் ஒரே விட்டத்துக்குக் கொண்டுவரும் அச்சு) தள்ளிய பிறகு அலாக்ஸ் வகைத் திரவ மசகை (உராய்வைக் குறைக்கும் மெழுகுபோன்ற பூச்சு) ஊற்றி உருட்டிக் காயவைக்கிறேன். 200 குண்டுக்குச் சுமார் இரண்டு தேக்கரண்டி.

சிக்கல் மூன்று. இரண்டு நாள் ஆனாலும் கையில் ஒட்டுகிறது. குண்டைக் கேஸில் (தோட்டாவின் பித்தளை உறை) பொருத்தும்போது தோட்டாவின் மொத்த நீளம் 28.4 மி.மீ.யில் தொடங்கி, நூறு தோட்டா தாண்டுவதற்குள் 28.1-க்கு இறங்கிவிடுகிறது. இவ்வளவு மசகு பூசியும் குழலில் ஈயம் படிகிறது. இன்னும் தடிமனாகப் பூச வேண்டுமா, அல்லது வேறு மசகுக்குப் போக வேண்டுமா?

ஈயச்சட்டி:

தடிமனா? இப்போது ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். 100 குண்டுக்கு 20 சொட்டு, அதாவது ஏறக்குறைய 1 மி.லி. 200-க்கு 2 மி.லி. மருந்து கொடுக்கும் ஊசியில்லாச் சிரிஞ்சில் அளந்து விடுங்கள். கண் அளவை நம்பினால் எப்போதும் கூடுதலாகத்தான் விழும். சரியாகப் பூசிய குண்டு வெளிர் தேன் நிறத்தில் மினுங்கும், அடியில் ஈயம் தெரியும். காபி நிறத்தில் இருந்தால் அதிகம். காடிகளில் மசகு குளம் கட்டி நின்றால் மேலே ஆடை படியும், உள்ளே ஈரம் அப்படியே கிடக்கும். அதுதான் உங்கள் பிசுபிசுப்பு.

முறை இப்படி இருக்கட்டும்:

முதலில் குண்டில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. அச்சின் கீலுக்கு விட்ட எண்ணெய் குழிக்குள் கசிந்திருந்தால் மசகு திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் சோப்பு போட்ட வெந்நீரில் அலசி முழுக்க உலர்த்துங்கள்.

மசகுப் புட்டியின் மூடியைத் தளர்த்தி, வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். கெட்டியாக வடிவது தண்ணீர்போல் ஓட வேண்டும். பிறகு மூடி, குலுக்குங்கள். அடியில் தங்கியது கலக்கும். குண்டுகளையும் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள், 50 டிகிரி செல்சியஸ் போதும். குளிர்ந்த ஈயத்தில் விழுந்த மசகு விழுந்த இடத்திலேயே உறைந்து நிற்கும், பரவாது.

மூலை இல்லாத வட்டப் பிளாஸ்டிக் டப்பா எடுங்கள். ஒரே அடுக்காகப் பரவும் அளவுக்குத்தான் குண்டு போட வேண்டும். குலுக்காதீர்கள், சுழற்றுங்கள். குலுக்கினால் குண்டுகள் மோதி அடிவிளிம்பு நசுங்கும். மூக்கில் விழும் தழும்பைவிட அடிவிளிம்பில் விழும் நசுக்கல்தான் குறியைக் கெடுக்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சுழற்றினால் நிறம் சமமாகும். மெழுகுத்தாளில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஓர் இரவு விடுங்கள். காற்றில் ஈரம் கூடியிருந்தால் 24 மணி நேரம்.

நீங்கள் சைஸ் செய்தபின் ஒரே தடவை பூசுகிறீர்கள். வார்த்ததும் மெல்லிய பூச்சு, உலர்ந்ததும் சைசிங், அதன்பின் மறுபடி மெல்லிய பூச்சு என்று மாற்றுங்கள். வெறும் ஈயத்தை டையில் தள்ளினால் டைக்குள்ளேயே ஈயம் ஒட்டி அடுத்தடுத்த குண்டைக் கீறும். சைசிங் செய்யும்போது பக்கங்களில் மசகு தேய்ந்துபோவதால்தான் இரண்டாவது பூச்சு.

இன்னொன்று: அலாக்ஸ் கல்போல் காயும் பொருள் அல்ல. லேசான பசைத்தன்மை கடைசிவரை இருக்கும். விரலில் கறை ஒட்டாவிட்டால் அது காய்ந்ததாகத்தான் கணக்கு. அந்தப் பசையும் வேண்டாமென்றால் மைக்கா தூள் ஒரு சிட்டிகை போட்டுச் சுழற்றலாம். டால்கம் பவுடரையும் சிலர் போடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஈரத்தை இழுத்துக் கட்டியாகிறது.

காடி_ஆறு:

அளவு விஷயத்தில் மேலே சொன்னது சரி. ஆனால் ஈயப் படிவுக்கு மசகுதான் காரணம் என்று ஏன் முடிவுகட்ட வேண்டும்? படிவு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சேம்பரைத் (குழலில் தோட்டா உட்காரும் அறை) தாண்டியதும் முதல் இரண்டு மூன்று செ.மீ.யில் என்றால் குண்டு குழலை அடைக்கவில்லை. பக்கவாட்டில் பீறிடும் சூடான வாயு ஈயத்தை அரித்து அப்பிவிடுகிறது. குழலின் வாய்ப்பக்கம் மட்டும் என்றால்தான் மசகு பாதி வழியில் தீர்ந்துபோனது என்று அர்த்தம். கைத்துப்பாக்கியில் பெரும்பாலும் முதல் வகைதான்.

0.356 என்பது டையில் அச்சடித்த எண். உங்கள் குழலின் காடி விட்டத்தை, அதாவது உட்சுவரில் சுழன்று ஓடும் பள்ளங்களின் அடிவரை எடுத்த விட்டத்தை, அளந்தீர்களா? குழலைக் கழற்றி எண்ணெய் விட்டு, தூய மென் ஈயத் துண்டு ஒன்றைப் பித்தளைக் கம்பியால் தட்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தள்ளுங்கள். வெளியே வந்த துண்டின் மிகப்பெரிய விட்டத்தை மைக்ரோமீட்டரில் பாருங்கள். ஆயிரத்தில் ஒரு அங்குலம் பேசும்போது வெர்னியர் காலிப்பர் உதவாது. ஐந்து காடி உள்ள குழலில் மேட்டுக்கு நேரெதிரே பள்ளம் வருவதால் சாதாரண மைக்ரோமீட்டரும் தவறாகக் காட்டும். வி-வடிவ ஆன்வில் (துண்டைத் தாங்கும் முனை) உள்ளது வேண்டும். குண்டு காடி விட்டத்தைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். 9 மி.மீ. குழல்களில் விட்டம் குழலுக்குக் குழல் மாறும். காடி 0.356 என்றால் உங்கள் குண்டுக்குக் கூடுதல் அளவே இல்லை.

இதைவிடக் கள்ளத்தனமான காரணம் ஒன்று உண்டு. 9 மி.மீ. கேஸ் உள்ளே போகப்போகக் குறுகும். செம்பு உறைக் குண்டுக்காகச் செய்த விரிப்பான் (கேஸ் வாயை அகட்டும் கருவி) குறைவாகத்தான் விரிக்கும். சக்கர எடை ஈயம் பிரினெல் கடினத்தன்மைக் கணக்கில் 12 அளவில்தான் கெட்டி. அதை அந்தக் கேஸில் அழுத்தினால் கேஸ்தான் குண்டை நசுக்குகிறது. 0.357-ல் உள்ளே போனது 0.354-ஆகக் கிடக்கலாம். கார்பைடு வளையம் வைத்த கிரிம்ப் டையும் (கேஸ் வாயைக் குண்டின்மேல் இறுக்கும் அச்சு) இதே வேலையைச் செய்யும். சோதனை எளிது: வெடிமருந்தும் பிரைமரும் (பற்றவைக்கும் மூடி) இல்லாத போலித் தோட்டா ஒன்று செய்து, கிரிம்ப் வரை முடித்து, குண்டைப் பிடுங்கி அடிப்பகுதியை அளங்கள். குறைந்திருந்தால் 0.357 அல்லது 0.358 சைசர், ஈயக்குண்டுக்கான தடித்த விரிப்பான், வளையமில்லாத டேப்பர் கிரிம்ப் (சரிவாக இறுக்கும் வகை) வேண்டும். பெரிய குண்டு சேம்பருக்குள் தடையின்றி விழுகிறதா என்று அதே போலித் தோட்டாவிலேயே பார்த்துவிடுங்கள். கேஸ் வாயையும் போதுமான அளவு மலர்த்துங்கள். விளிம்பு மசகை வழித்து எடுத்தால் இவ்வளவு பூசியும் வீண்.

நீளம் குறைவதை அலட்சியமாக விடாதீர்கள். மூக்கில் ஒட்டிய மசகு சீட்டிங் ஸ்டெம்மின் (குண்டைக் கேஸுக்குள் அழுத்தும் தண்டு) குழிக்குள் சேர்கிறது. சேரச்சேரக் குண்டு ஆழமாக இறங்கும். 9 மி.மீ. கேஸில் உள்ளிடம் கொஞ்சம்தான்; 0.3 மி.மீ. இறங்கினாலே அழுத்தம் கூடும். 50 தோட்டாவுக்கு ஒருமுறை ஸ்டெம்மைத் துடைத்து நீளத்தையும் அளங்கள். குண்டின் மூக்கை மினரல் ஸ்பிரிட்ஸ் (பெட்ரோலியக் கரைப்பான்) நனைத்த துணியில் ஓர் உரசல் உரசிவிட்டால் பாதித் தொல்லை போகும்.

தேன்மெழுகு:

வேறு மசகு பற்றிக் கேட்டதால். பலரும் பயன்படுத்தும் கலவை 45/45/10: எடைக் கணக்கில் திரவ அலாக்ஸ் 45, தரைக்குப் பூசும் பேஸ்ட் மெழுகு 45, மினரல் ஸ்பிரிட்ஸ் 10. அலாக்ஸ் தனியாகக் காய்வதைவிட இது சீக்கிரம் காயும், பசை குறைவு. பழைய குறிப்புகளில் வரும் ஜான்சன் பேஸ்ட் வாக்ஸ் தயாரிப்பு 2021-ல் நிறுத்தப்பட்டது. கார்னோபா (பனையிலை மெழுகு) கலந்த வேறு பேஸ்ட் மெழுகு போதும்.

மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த டப்பாவில் உருக்குங்கள். மின் அடுப்பு மட்டும், திறந்த வெளியில். அந்த மெழுகிலேயே கரைப்பான் இருக்கிறது. சூட்டில் அது ஆவியாகும், தீ பக்கத்தில் இருந்தால் பற்றும். அலாக்ஸைக் கலக்கி, அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறியபின் மினரல் ஸ்பிரிட்ஸ். அது 40 டிகிரியை ஒட்டியே தீப்பற்றும் ஆவி விடத் தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம். பூசும் அளவு அதே 1 மி.லி. கணக்குதான்.

டால்கம் பற்றி ஈயச்சட்டி சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. குண்டு முழுக்கக் காய்ந்தபின் தூவினால் கட்டியாகாது.

பாலிகோனல் ரைஃப்ளிங் (கூர்விளிம்புக் காடிக்குப் பதில் பலகோண வடிவ உட்சுவர்) உள்ள குழலா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் மசகு மட்டும் பூசிய ஈயக்குண்டே வேண்டாம். படிவு சேர்ந்தால் அழுத்தம் ஏறும்.

அச்சுவார்ப்பு:

சாதாரணக் காடிக் குழல்தான், ஆறு காடி. படிவு சேம்பர் பக்கம்தான் இருக்கிறது. போலித் தோட்டா செய்து பிடுங்கிப் பார்த்ததில் 0.3545. கேஸ் நசுக்குகிறது என்பது தெளிவு. 0.358 சைசரும் புது விரிப்பானும் வாங்குகிறேன். ஏற்கெனவே தடிமனாகப் பூசி வைத்த குண்டுகளை உருக்கித்தான் ஆக வேண்டுமா?

காடி_ஆறு:

0.356-க்கு ஏற்கெனவே தள்ளியவற்றை மறுபடி பெரிதாக்க முடியாது, அவை உருக்கத்தான். ஆனால் மசகோடு சட்டியில் போட்டால் புகையும் தீயும் எழும். முதலில் மினரல் ஸ்பிரிட்ஸில் அலசி, நன்றாக உலரவிட்டுப் பிறகு போடுங்கள். சைஸ் செய்யாமல் இருப்பவற்றை அதே மாதிரி அலசி, மெல்லிசாகப் பூசிப் புது சைசரில் தள்ளலாம்.

புது குண்டு சுடுமுன் பழைய படிவை அடியோடு எடுங்கள். தேய்ந்த பிரஷ்ஷில் தூய செம்பு இழையைச் சுற்றி உலர்வாகத் தேய்த்தால் ஈயம் வெள்ளி இழையாக உதிரும். செம்பு முலாம் பூசிய இரும்பு இழை வேண்டாம், காந்தத்தில் பிடித்தால் தெரிந்துவிடும். அலசிய கரைப்பானிலும் உதிர்ந்த தூளிலும் ஈயம் உண்டு. கையுறை போடுங்கள், சாக்கடையில் ஊற்றாமல் மூடிய டப்பாவில் சேர்த்து அபாயக் கழிவாகக் கொடுங்கள்.