அம்பாசடர் என்ஜின் பாகங்கள்: பவுடர் கோட்டிங்கா, பியூ பெயின்ட்டா?

வைகைக்கரை:
1976 மாடல் அம்பாசடர் மார்க் 3. 1489 சிசி பெட்ரோல் என்ஜினை முழுவதும் பிரித்தாகிவிட்டது. பிளாக் ரீபோரிங்குக்குப் (சிலிண்டர் துளைகளைக் கடைந்து சீராக்க) போயிருக்கிறது. டாப்பெட் கவர் (என்ஜினின் மேல்மூடி), ஆயில் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி), பிராக்கெட்டுகள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) எல்லாம் துருவும் பிசுக்குமாகக் கிடக்கின்றன. வண்டி கண்காட்சிக்கு அல்ல, நெடுஞ்சாலையில் ஓடப்போகிறது. எல்லாவற்றையும் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்துவிடு என்கிறார் நண்பர். பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் போதும் என்கிறார்கள் பட்டறையில். எது நின்று உழைக்கும்?

ராயபுரம்:
பவுடர் கோட்டிங்தான், சந்தேகமே வேண்டாம். என் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று தினமும் பார்க்கிறேன். பவுடர் 180 முதல் 200 டிகிரி வரை சூடான ஓவனில் உருகி, பாகத்தைச் சுற்றி ஒரே படலமாக இறுகிவிடுகிறது. ஒரே பூச்சில் 60 முதல் 100 மைக்ரான் தடிமன் கிடைக்கும். பெயின்ட்டில் அதை எட்ட எத்தனை கோட்டிங் அடிக்க வேண்டும்? ஸ்பானர் வழுக்கிப் பட்டாலும் எளிதில் பெயராது.

பீளமேடு பட்டறை:
தம்பி, அதன் உறுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் இவர் கொடுக்கப்போவது புதுத் தகடு அல்ல, பல வருடம் எண்ணெயில் ஊறிய வார்ப்பிரும்பும் சேர்ந்துதான். மேலே எவ்வளவு கழுவினாலும் அதன் நுண்துளைகளுக்குள் எண்ணெய் இருக்கும். ஓவனில் சூடு ஏறும்போது அது ஆவியாகி, உருகிய பவுடரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆறிய பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், குண்டூசி முனை அளவில் துளைகள் தெரியும். ஈரம் அந்த வழியாகத்தான் இறங்கும். மேலே பளபளப்பு மாறாது, அடியில் துரு படர்ந்துகொண்டே போகும், பிறகு மொத்தமாக உரியும்.

தடிமனும் எல்லா இடத்திலும் நன்மை அல்ல. பிராக்கெட்டில் போல்ட் தலை உட்காரும் இடத்தில் பவுடர் இருந்தால், நாளடைவில் அது நசுங்கி போல்ட்டின் இறுக்கம் தளர்ந்துவிடும். எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தில் இருந்தால் மின்சாரம் பாயாது, ஸ்டார்ட்டர் திணறும்.

ராயபுரம்:
அண்ணா, இரண்டுக்கும் வழி இருக்கிறது. பவுடர் தூவுவதற்கு முன்பே, இறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான சூட்டில் பாகத்தை வெறுமனே ஓவனில் வைத்து எடுத்தால் எண்ணெய் வெளியேறிவிடும். போல்ட் உட்காரும் இடம், மரை, கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) உட்காரும் முகம் எல்லாவற்றுக்கும் சூடு தாங்கும் டேப் ஒட்டலாம். சொல்லிச் செய்ய வைக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் மட்டும் பிடித்துவிடுமா? கார்புரேட்டரிலிருந்து சொட்டும் பெட்ரோல் பட்டால் சாதாரண எனாமல் இளகிச் சுருங்கிப்போகிறதே!

பீளமேடு பட்டறை:
எனாமலை யார் சொன்னது? எபாக்சி பிரைமர், அதன்மேல் ஹார்டனர் (பெயின்ட்டை இறுக வைக்கும் திரவம்) கலந்த பியூ. காய்ந்து முழுதாக இறுகியபின் பெட்ரோல் சொட்டினால் துடைத்துவிடலாம். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கவே கூடாது, நுரையீரலைக் கெடுத்துவிடும். முறையான சாதனம் உள்ள பட்டறையில்தான் கொடுக்க வேண்டும்.

நான் பியூ சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்: வண்டி ஓடப்போகிறது. சம்ப்பில் கல் அடிக்கும். பெயின்ட் பெயர்ந்தால் அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் வைத்து, தொட்டு அடித்துவிடலாம். பவுடர் பெயர்ந்தால் சம்ப்பைக் கழற்றி, பழைய பூச்சு முழுவதையும் எடுத்து, மறுபடி ஓவனுக்குத்தான் போக வேண்டும். யார் செய்வார்கள்? அப்படியே விட்டுவிடுவார்கள்.

அம்பத்தூர் லேத்:
எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை இருவருமே விட்டுவிட்டீர்கள். அது பல நூறு டிகிரி சூடேறும் பாகம். பவுடரும் கருகும், பியூவும் கருகும். வெறும் இரும்பு தெரியும்வரை பிளாஸ்டிங் (மணலை வேகமாகப் பீய்ச்சித் துரு நீக்குவது) செய்து, 600 டிகிரி தாங்கும் சிலிக்கோன் பெயின்ட்டை மெல்லியதாக அடியுங்கள். அடியில் சாதாரண பிரைமர் வேண்டாம். டப்பாவில் போட்டிருக்கும் முறைப்படி படிப்படியாகச் சூடேற்றினால்தான் அது இறுகும். செலவழிக்க முடிந்தால் செராமிக் கோட்டிங் அதைவிட நீடிக்கும்.

வெளிப் போல்ட்டுகளுக்கு ஜிங்க் பிளேட்டிங் நல்லது. கனெக்டிங் ராடு போல்ட், ஹெட் ஸ்டட் இரண்டையும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பிளேட்டிங் தொட்டியில் உயர் வலிமை எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து, பிறகு இழுவிசையில் முறிந்துபோகும் ஆபத்து உண்டு.

வைகைக்கரை:
எல்லாவற்றையும் காஸ்டிக் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்து தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். அலுமினிய தெர்மோஸ்டாட் மூடியும் அதில் இருக்கிறது. கொடுக்கலாமா?

பீளமேடு பட்டறை:
இரும்பைக் கொடுங்கள், அலுமினியத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். காஸ்டிக் சோடாவில் அது நுரைத்துக் கரையும். கேஸ்கெட் உட்காரும் முகம் குழி குழியாகிவிடும். மண்ணெண்ணெய், பிரஷ், பிறகு சோப்புத் தண்ணீர் போதும். பிளாஸ்டிங் செய்த எந்தப் பாகத்தையும் காற்றடித்து, கழுவி, மறுபடி காற்றடியுங்கள். ஆயில் வழியில் மணல் தங்கினால் புது பேரிங் போய்விடும்.

ராயபுரம்:
சம்ப்பை அண்ணாவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். தொட்டு அடிக்கும் வசதி அங்கே தேவைதான். டாப்பெட் கவரை விடமாட்டேன். அது அழுத்தி எடுத்த தகடு, எண்ணெய் ஒளிந்திருக்க நுண்துளை கிடையாது. ரப்பர் வாஷர் மேல் இரண்டே நட்டுகள்தான் பிடிக்கின்றன, அதனால் பூச்சு நசுங்கும் பேச்சும் இல்லை. ஆயில் ஊற்றும்போதெல்லாம் வழிவதும் துணியால் தேய்ப்பதும் அதன்மேல்தான். அங்கே பவுடரை மிஞ்ச எதுவும் இல்லை.

பீளமேடு பட்டறை:
சரி, டாப்பெட் கவர் உங்களுக்கு. ஆனால் உள்பக்கம் முழுவதும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். உள்ளே ஒரு செதில் உரிந்து ஆயிலில் விழுந்தாலும் அது போய் நிற்கும் இடம் ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெயினர் (வடிகட்டி).