புதுப்பிப்பு: கையில் காசில்லாமல் பால்ரூம் போட்டி

போன அக்டோபரில் கேட்டிருந்தேன்: மாணவர் செலவுக்குள் பால்ரூம் (ஜோடியாக ஆடும் மேற்கத்திய நடனம்) போட்டியில் ஆட முடியுமா என்று. "தனி வகுப்பு வேண்டாம், பல்கலைக்கழக நடனச் சங்கத்தில் சேர்" என்றீர்கள். சேர்ந்தேன். இங்கிலாந்தின் பிளாக்பூல் நகரில், விண்டர் கார்டன்ஸ் அரங்கில் நடந்த போட்டியில் ஆடியும் விட்டேன்!

பெரிய செலவு காலணிதான். சங்கத்துச் சீனியர் அக்கா தன் பழைய ஜோடியை 20 பவுண்டுக்குத் தந்தார். அடியில் ஸ்வேட், அதாவது சொரசொரப்பான மென்தோல். தூசி அப்பினால் வழுக்கும். கம்பி பிரஷால் தேய்த்தால் மறுபடி பிடிப்பு வரும். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் மட்டும் நடக்காதீர்கள். உடைக்குச் செலவே இல்லை, ஏற்கெனவே இருந்த கறுப்புப் பாவாடைதான். பேருந்தும் அறையும் எல்லோரும் பங்கிட்டோம்.

தொடக்கநிலையில் வால்ட்ஸ், குயிக்ஸ்டெப், சா-சா-சா, ஜைவ் என்று நான்கு நடனங்கள். என்னோடு ஜோடியாக ஆடியவரின் முதுகில் எண் அட்டையை நான்கு ஊக்கு போட்டுக் குத்தும்போது என் விரலெல்லாம் வியர்வை. முதல் சுற்றுகளில் மதிப்பெண் கிடையாது. அடுத்த சுற்றுக்கு யார் வேண்டும் என்று நடுவர்கள் குறிப்பார்கள், அவ்வளவுதான். குயிக்ஸ்டெப்பில் முதல் சுற்றோடு சரி. ஆனால் வால்ட்ஸில் எங்கள் எண்ணை மறுபடி அழைத்தார்கள். அந்த நொடியை என்னால் மறக்கவே முடியாது.

வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த வாரம் டாங்கோ தொடங்குகிறோம்.