இது எந்த உப்புக்கொத்திப் பறவை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கடற்கரை. இன்று காலை கடல் உள்வாங்கிக் கிடந்த சேற்றில் உப்புக்கொத்திகள் கூட்டமாக மேய்ந்தன, மார்கழி தை முழுக்கச் சாம்பல் பழுப்பாகத் திரிந்தவை, பங்குனியில் வடக்கே திரும்பும் முன் நெஞ்சில் செங்கல் நிறம் ஏறி, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டையோடு அவ்வளவு அழகு! அதில் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிது. அலகு நீளம், கால் கறுப்பாக இல்லாமல் பச்சை கலந்த மஞ்சள். நாலடி ஓடும், சட்டென நிற்கும், குனிந்து புழுவை இழுக்கும். பெரிய மணல் உப்புக்கொத்தி என்றே நினைக்கிறேன், ஆனால் சேறு ஒட்டிய காலின் நிறத்தை மட்டும் நம்ப முடியாதே. அலகை வைத்து எப்படி உறுதி செய்வது? அப்புறம், தனுஷ்கோடி, வாலிநோக்கம் பக்கம் யாராவது இப்போது இதைப் பார்த்தீர்களா? படங்கள் கீழே.