கண் மங்கியதால் விவசாயத்தில் அடிபட்டவர்கள் இருக்கிறீர்களா?

முண்டுமிளகாய்:
பூச்சி மருந்து, களைக்கொல்லி இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை பாட்டில். அப்பா விடியற்காலையில் டேங்கில் கலந்து அடித்துவிட்டு வந்தார். மறுநாளே மிளகாய்ச் செடியெல்லாம் வெந்த கீரை மாதிரி கிடந்தது. அரை ஏக்கர், காய் பிடிக்கிற நேரம். "பேரைப் படிச்சுப் பார்க்கக் கூடாதா?" என்று சத்தம் போட்டேன். அவர் பாட்டிலைத் திறந்து மூடியை மூக்கருகே கொண்டுபோனார். "சளி பிடிச்சிருந்துச்சுய்யா, வாடை தெரியல." எத்தனை வருஷமாக மோந்து பார்த்தே மருந்து அடித்தாரோ, வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

குறுவைக்காரன்:
சித்தப்பாவுக்குக் கதிர் அடிக்கும்போது நெல் சுணை கண்ணில் பட்டது. அப்பத்தா தாய்ப்பால் விடச் சொன்னது. அப்புறம் மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து. இரண்டே நாளில் சிவப்பு போய்விட்டது, சரியாகிவிட்டது என்று நடவுக்குப் போனார். பத்தாம் நாள் பார்த்தால் கருவிழியில் சோற்றுப் பருக்கை ஒட்டின மாதிரி வெள்ளை. இப்போது வரப்பில் கால் வைக்கவே தடவுகிறார். நிலம் குத்தகைக்குப் போய்விட்டது.

பூக்காரிமகன்:
குறுவை, தாய்ப்பாலும் தப்பு, கடைச் சொட்டும் தப்பு. சுணை பட்ட இடத்தில் பூஞ்சைப் புண் வரும். ஸ்டீராய்டு சொட்டு சிவப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்த்துவிடும். அன்றைக்கே கண் டாக்டரிடம் போயிருக்க வேண்டும்.

மிளகாய் அண்ணே, உங்கள் அப்பாவுக்கு வெறும் வெள்ளெழுத்துதான். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவது. என் அம்மாவும் மொட்டு எது மலர்ந்தது எது என்று தெரியாமல் மல்லி பறித்து, கடையில் பேச்சு வாங்கியிருக்கிறார். அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள், 2018இல் முடிவு வந்தது. போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. சாதாரணக் கண்ணாடிதான்! முகாம் வந்தால் கூட்டிப் போங்கள், சர்க்கரையும் பாருங்கள், புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். அதுவரைக்கும் பாட்டிலில் நிறக் கட்டம் இருக்கிறதே, அதைப் பார்த்து எடுக்கச் சொல்லலாமே?

முண்டுமிளகாய்:
தம்பி, அந்த நிறம் விஷம் எவ்வளவு என்றுதான் சொல்லும். களைக்கா பூச்சிக்கா என்று சொல்லாது. கண்ணாடி அப்போதே வாங்கிக் கொடுத்தாயிற்று, போட்டுக்கொண்டும் இருக்கிறார். ஆனாலும் மூடியைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறார்.