நடைக் கால்பந்துக்குத் தேசிய சங்கம்: எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பழைய ஸ்டாப்பர், வியாசர்பாடி:
வணக்கம். எங்க ஏரியாவுல ஐம்பது தாண்டினவங்க ஞாயித்துக்கிழமை காலையில நடந்தே ஃபுட்பால் ஆடுறோம். முட்டி தேஞ்சவன், ஸ்டென்ட் வெச்சவன், சுகர்காரன் எல்லாரும் உண்டு. பெங்களூர், கொச்சியிலயும் பழைய ஆட்டக்காரங்க சிலர் இப்படி ஆடுறாங்க. அகில இந்திய அளவுல சங்கம் வைக்கலாம்னு பேச்சு. லெட்டர்பேட், தலைவர், பொருளாளர் வரைக்கும் பேசியாச்சு. பதிவு பண்றது எப்படி? வெளிநாட்டுல எப்படிச் செஞ்சாங்க?

லெஸ்டர் மதுரைக்காரன்:
அண்ணே, லெட்டர்பேடை மடிச்சு வைங்க. இங்கிலாந்துல இதைச் சங்கம் ஆரம்பிக்கல. 2011-ல செஸ்டர்ஃபீல்ட் கிளப்போட அறக்கட்டளை, வீட்டுல முடங்கிக் கிடந்த பெருசுகளை மைதானத்துக்குக் கூட்டிட்டு வரத்தான் ஆரம்பிச்சது. அப்புறம் பார்க்ளேஸ் வங்கி ஒரு டிவி விளம்பரத்துல காட்டவும் ஊரெல்லாம் கிளப் முளைச்சுது. நடைக் கால்பந்து சங்கம் வந்தது அதுக்குப் பிறகுதான். பெரிய கால்பந்து சங்கமான எஃப்.ஏ.வும் தனியா விதி போட்டிருக்கு. பந்து எவ்வளவு உயரம் எழும்பலாம்ங்கிறதுலயே இடத்துக்கு இடம் கணக்கு மாறும். வெளியூர் டோர்னமென்ட் போனா முதல் பத்து நிமிஷம் வாய்ச்சண்டைதான்.

அதனால மூணு ஊரும் உக்காந்து முதல்ல விதியை எழுதுங்க. ஒரு கால் எப்பவும் தரையில இருக்கணும், ஓடினா எதிரணிக்கு ஃப்ரீ கிக். சொல்ல சுலபம், ரெஃப்ரிக்குத்தான் உயிர் போகும். பந்து வலது பக்கம் உருளும்போது எங்க ஆளு ஒருத்தர் இடுப்பை மட்டும் வெட்டி வெட்டி விறுவிறுன்னு போவாரு. வயசு அறுபத்தெட்டு. விசில் அடிச்சா, "நடந்தேன்பா, வேகமா நடந்தேன்!" ரெஃப்ரி கண்ணு பந்து மேல இருக்கக் கூடாது, பாதத்து மேல இருக்கணும். அதுக்குப் பழகின ஆளை உருவாக்குறதுதான் சங்கத்தோட முதல் வேலை. அது இல்லாம தலைவர் தேர்தல் வெச்சா, நம்ம ஊர் விளையாட்டுச் சங்கங்க மாதிரி கோர்ட்லதான் ஆட்டம் நடக்கும்.

ஆடிட்டர் ஆபீஸ்:
பதிவு மட்டும் சொல்றேன். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி குறைஞ்சது ஏழு பேர் வேணும். துணைவிதி, உறுப்பினர் பட்டியல், அலுவலக முகவரிக்கு ஆதாரம் எல்லாம் கேப்பாங்க. இது மாநிலப் பதிவுதான். "இந்திய", "தேசிய"ன்னு பேர் வெச்சா அரசு ஆதரவு இருக்கிற மாதிரித் தோணுதுன்னு 1950-ம் வருஷத்துச் சின்னங்கள், பெயர்கள் சட்டத்தைக் காட்டித் தடுக்கலாம். இன்னொரு வழி, கம்பெனி சட்டத்து 8-வது பிரிவுல லாப நோக்கமில்லாத கம்பெனி. வருஷா வருஷம் கணக்கு தாக்கல் செலவு கூடும். எந்தப் பதிவா இருந்தாலும், தேசிய விளையாட்டுச் சங்கம்னு மத்திய அரசு வழியில அங்கீகாரம் வாங்குறது வேற விஷயம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

பழைய ஸ்டாப்பர்:
ரொம்ப நன்றி தம்பிகளா. தலைவராகணும்னு நிக்கிறவருகிட்ட இதைப் படிச்சுக் காட்டுறேன், முகம் எப்படிப் போகுதுன்னு பாக்கணும். லெஸ்டர் தம்பி, கோல்கீப்பர் பாக்ஸை விட்டு வெளிய வரலாமா? ரெண்டு வாரமா இதே பஞ்சாயத்து. ஸ்டென்ட் வெச்சவங்க டாக்டர் கடிதாசு கொண்டு வரணும்னு அங்க விதி உண்டா?

லெஸ்டர் மதுரைக்காரன்:
நாங்க ஆடுற இடத்துல கீப்பர் வெளிய வரக் கூடாது, மத்தவங்க உள்ள போகக் கூடாது. கடிதாசு கட்டாயம் இல்ல, சேரும்போது உடம்பு விவரம் எழுதி வாங்கிடுவாங்க. உங்க ஸ்டென்ட்காரங்க மட்டும் இதய டாக்டரைக் கேக்காம ஆட வேண்டாம்ணே.