நிறுத்தி வைத்த வண்டி தானாக நகர்கிறது: டார்க் ரைடு மாடலில் உதவி வேண்டும்

கேள்வி

வணக்கம். மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவன். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு அளவில் ஒரு டார்க் ரைடு (தீம் பார்க்கில் இருட்டு அரங்குக்குள் ஓடும் வண்டிச் சவாரி) மாடல் செய்திருக்கிறோம். இருட்டுக்குள் வண்டி வளைந்து வளைந்து போகும், எட்டுக் காட்சிகள் வரும், நான்காவது காட்சியில் வண்டி 9 விநாடி நின்று பார்த்துவிட்டுக் கிளம்பும்.

தரைப் பிளவுக்குள் இரண்டு பஸ்பார் (வண்டிக்கு மின்சாரம் தரும் உலோகப் பட்டை) ஓடுகின்றன, 24 வோல்ட் டிசி. நெகட்டிவ் பார் முழுக்க ஒரே துண்டு. பாசிட்டிவ் பாரை எட்டுப் பிளாக்காக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கொடுத்திருக்கிறோம். ரிலேக்களை பி.எல்.சி (நிரல்படி இயங்கும் கட்டுப்பாட்டுக் கணினி) இயக்குகிறது. வண்டிகள் ஆறு.

பிரச்சினை இரண்டு. முதலாவது, நான்காம் காட்சியில் நிறுத்தி வைத்த வண்டி, பின்னால் அடுத்த வண்டி நெருங்கும்போது தானாக ஒரு சாண் முன்னால் நகர்கிறது. அந்தப் பிளாக்கின் ரிலே அணைந்துதான் இருக்கிறது, விளக்கைப் பார்த்தே உறுதி செய்தோம். ரிலேயை மாற்றினோம், நிரலை இரண்டு முறை திருத்தினோம், பலன் இல்லை.

இரண்டாவது, 12 விநாடிக்கு ஒரு வண்டி அனுப்புகிறோம். பத்து நிமிடத்துக்குள் எல்லாம் மூன்றாம், நான்காம் காட்சிகளில் வரிசை கட்டி நின்றுவிடுகின்றன.

கூடவே ஒரு சந்தேகம். வண்டி காட்சிப் பக்கம் திரும்புவதால் அறிக்கையில் இதை ‘ஆம்னிமூவர்’ என்று எழுதியிருந்தோம். வழிகாட்டி ஆசிரியர் அது தவறு என்று சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார். அப்படியென்றால் எங்களுடையது என்ன வகை?

பதில் 1

தம்பி, ரைடு பராமரிப்பில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் பிரச்சினைக்குப் பதில் சொல்லும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். வண்டியில் பாசிட்டிவ் கலெக்டர் ஷூ (பாரில் உரசி மின்சாரம் எடுக்கும் துண்டு) எத்தனை, எங்கெங்கே இருக்கின்றன? பிளாக் எல்லையில் இருக்கும் சென்சார் வண்டியின் எந்த இடத்தைப் பார்த்து வேலை செய்கிறது?

அப்புறம் ஒரு சோதனை. நான்காம் பிளாக்கில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு, பின் வண்டியைக் கையால் மெதுவாக எல்லை வரை தள்ளிப் பாருங்கள்.

கேட்டவர்

அண்ணா, ஷூ இரண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவே 14 சென்டிமீட்டர். பார் இணைப்புகளில் ஒன்று தூக்கினாலும் மற்றது மின்சாரம் எடுக்கட்டும் என்று இரண்டையும் ஒரே கம்பியில் இணைத்திருக்கிறோம். சென்சாருக்கான காந்தம் வண்டியின் வால் பக்கம் இருக்கிறது.

சோதனை செய்தோம். பின் வண்டியின் முன் ஷூ எல்லையைத் தாண்டிய அந்த நொடியில், ரிலே அணைந்த பிளாக்கில் 24 வோல்ட் காட்டியது! காந்தம் சென்சாரை எட்டியதும் பூஜ்யத்துக்குப் போனது.

பதில் 1

ஆள் அகப்பட்டுவிட்டார். ரிலே மீது பழி வேண்டாம், பின்னால் வரும் வண்டிதான் பாலம் போடுகிறது.

நடப்பதைப் படம் போட்டுப் பாருங்கள். பின் ஷூ மூன்றாம் பிளாக்கில், அங்கே மின்சாரம் உண்டு. முன் ஷூ நான்காம் பிளாக்கில், அங்கே இல்லை. இரண்டு ஷூவும் ஒரே கம்பியில் இருப்பதால் மூன்றாம் பிளாக்கின் மின்சாரம் வண்டிக்குள் நுழைந்து முன் ஷூ வழியாக நான்காம் பிளாக்கில் இறங்குகிறது. அங்கே நிற்கும் வண்டிக்கு யார் கொடுத்த மின்சாரம் என்று தெரியாது, ஓட ஆரம்பிக்கிறது. காந்தம் வாலில் இருப்பதால் நிறுத்தும் கட்டளை அந்த 14 சென்டிமீட்டரையும் தாண்டித்தான் வருகிறது. அந்த இடைவெளிதான் உங்கள் ‘ஒரு சாண்’.

இரண்டு வேலை செய்யுங்கள். காந்தத்தை முன் ஷூவுக்கும் முன்னால் கொண்டுவாருங்கள். மின்சாரம் அறுந்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் உருளுகிறது என்று அளந்து, அதைவிடக் கூடுதலான தூரம் எல்லைக்கு இந்தப் பக்கமே சென்சாரைத் தள்ளி வையுங்கள். எல்லையில் போய் நிற்கச் சொல்லக் கூடாது, எல்லைக்கு முன்பே நிற்க வைக்க வேண்டும்.

பெரிய ரைடுகளில் மின்சாரத்தை அறுப்பது மட்டும் பிரேக் ஆகாது. ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும் பிரேக் இருக்கும். மின்சாரம் அதை விடுவித்து வைத்திருக்கும், மின்சாரம் போனால் ஸ்பிரிங் தானே கவ்விக்கொள்ளும். மாடலிலும் உருளும் தூரத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். டேப் வைத்து, முழு வேகத்தில், பத்து முறையாவது அளந்து அதில் மிக நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

கன்ட்ரோல் பக்கம் வேலை பார்ப்பவள் நான். அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒவ்வொரு ஷூவுக்கும் ஒரு டயோடு போட்டு, இரண்டு டயோடுக்கு அப்பால் மோட்டாருக்குப் போகும் கம்பியில் இணையுங்கள். மின்சாரம் ஷூ வழியாக உள்ளே வரலாம், இன்னொரு ஷூ வழியாக வெளியே போக முடியாது. உங்கள் வண்டி பின்னோக்கி ஓடுவதில்லை என்பதால் இது சரிப்படும். டயோடில் அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கும், 24-இல் அது பெரிய விஷயமில்லை. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்துக்குத் தாங்குகிற டயோடாகப் பாருங்கள். ஆனால் டயோடு போட்டாயிற்று என்று சென்சாரை அதே இடத்தில் விட்டுவிடாதீர்கள், இரண்டும் வேண்டும்.

இனி வரிசை கட்டும் பிரச்சினை. ஒவ்வொரு பிளாக்கிலும் வண்டி நுழைந்து முழுதாக வெளியேற எத்தனை விநாடி? எட்டுக்கும் எழுதுங்கள்.

கேட்டவர்

அக்கா, அளந்தோம். ஸ்டேஷன் (ஏறி இறங்கும் இடம்) 11, ஒன்று முதல் மூன்று வரை 8 அல்லது 9, நான்காவது 19, மற்றவை 7 முதல் 10 வரை.

பதில் 2

பாருங்கள், 19 விநாடி பிடிக்கும் பிளாக்குக்கு 12 விநாடிக்கு ஒரு வண்டி அனுப்பினால் நெரிசல் வராமல் எப்படி இருக்கும்? ஒவ்வொரு வண்டியும் முந்தையதைவிட 7 விநாடி அதிகமாகக் காத்திருக்கும். ரைடு எவ்வளவு வேகமாக ஓடினாலும் மிக மெதுவான பிளாக்தான் மொத்தக் கொள்ளளவையும் தீர்மானிக்கும். நிஜ ரைடுகளில் பெரும்பாலும் அது ஸ்டேஷன்தான், ஏறி இறங்குவதில் நேரம் போகும். உங்களுக்கு நான்காம் காட்சி.

வழி ஒன்று: 3 விநாடி அவகாசம் சேர்த்து 22 விநாடிக்கு ஒரு வண்டி. நான்கு இருக்கை என்றால் மணிக்குச் சுமார் 650 பேர். வழி இரண்டு: நான்காம் பிளாக்கை இரண்டாக வெட்டுங்கள். முன் பாதியில் நுழைய 5 விநாடி, நிற்க 9 விநாடி, ஆக 14. அவகாசத்தோடு 16 விநாடிக்கு ஒன்று, மணிக்கு 900 பேர். ஒரு வெட்டும் ஒரு ரிலேயும்தான் கூடுதல் செலவு. நான் இரண்டாவதைச் செய்வேன்.

பதில் 1

வகை பற்றிக் கேட்டாயே தம்பி. நான் புதியவர்களுக்குச் சொல்லித் தருவது இதுதான்: பெயர்களை மனப்பாடம் செய்யாதே, ஒரே கேள்வி கேள். இரண்டு வண்டிக்கு நடுவே இருக்கும் இடைவெளியை யார் காப்பாற்றுகிறார்கள்?

ஆம்னிமூவரில் அதைச் செயின் காப்பாற்றும். எல்லா வண்டிகளும் ஒரே சங்கிலியில், முடிவே இல்லாத வளையம். 1967-இல் டிஸ்னிலாந்தில் முதலில் ஓடியது, 1969-இல் அங்கே திறந்த ஹான்டட் மேன்ஷன் என்ற பேய்வீட்டு ரைடிலும் அதே அமைப்பு. வண்டி திரும்புவதும் சாய்வதும் அடியில் ஓடும் துணைத் தண்டவாளத்தின் வேலை, மோட்டார் கிடையாது. நடைபாதை போல நகரும் பெல்ட்டில் நின்று ஏறலாம். ஒருவர் ஏறச் சிரமப்பட்டால் மொத்த ரைடும் மெதுவாகும் அல்லது நிற்கும். இன்னொரு விளைவு எனக்கு மிகவும் பிடிக்கும். வண்டிகள் இடைவிடாமல் வந்துகொண்டே இருப்பதால் எந்தக் காட்சிக்கும் ‘ஆரம்பம்’ கிடையாது. எந்த நொடியில் எட்டிப் பார்த்தாலும் புரிகிற மாதிரி பொம்மை அசைவுகள் சுழல வேண்டும்.

உங்களுடையது தனித்து ஓடும் பஸ்பார் வண்டி. இடைவெளியைப் பிளாக் மின்சாரம் காப்பாற்றுகிறது. இதன் பரம்பரை பழையது. 1928-இல் நியூஜெர்சியில் லியோன் காசிடி என்பவர் உருவாக்கிய பிரெட்ஸல் ரைடு ஒற்றைத் தண்டவாளத்தில் மின்சாரத்தில் ஓடியது. படகுச் சுரங்க ரைடு அமைக்கப் பணமில்லாததால் அதை யோசித்தார். 1955-இல் டிஸ்னிலாந்தின் முதல் இருட்டு ரைடுகளும் இந்தக் குடும்பம்தான், அதில் பீட்டர் பானில் மட்டும் வண்டி மேலிருந்து தொங்கும். வண்டி வந்த பிறகு காட்சியைத் தொடங்கலாம், நிறுத்தலாம், அதனால்தான் உங்கள் 9 விநாடி சாத்தியமாயிற்று.

படகு ரைடில் நீரோட்டம் தள்ளும். படகுகள் லேசாக முட்டிக்கொண்டாலும் பெரிதாக எதுவும் ஆகாது, அங்கே விதி தளர்வு. தண்டவாளமே இல்லாத வண்டிகளில் இடைவெளி கணினியின் பொறுப்பு. டோக்கியோ டிஸ்னிலாந்தில் 2000-இல் வந்த, ‘வின்னி த பூ’ என்ற கரடிக் கதை ரைடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு வண்டி தன் இருப்பிடத்தைத் தவறவிட்டால் சுற்றியுள்ளவை எல்லாம் நின்றாக வேண்டும்.

வண்டி குலுங்குவது, ஆடுவது தனிச் சமாச்சாரம். 1995-இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் ரைடில் வண்டியின் அடித்தளத்துக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே ஹைட்ராலிக் உண்டு. பாதை ஒழுங்காக இருந்தாலும் உடம்புக்கு மேடுபள்ளம் தெரியும். அதைக் கொண்டு வகை பிரித்தால் குழம்பிவிடும். உங்கள் வண்டி காட்சிப் பக்கம் திரும்புவதும் அப்படித்தான். அறிக்கையில் ‘பஸ்பார் மூலம் இயங்கும், பிளாக் கட்டுப்பாடுள்ள தனி வண்டி’ என்று எழுது.

கேட்டவர்

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. உருளும் தூரம் அதிகபட்சம் 11 சென்டிமீட்டர் வந்தது. சென்சாரை எல்லைக்கு 20 சென்டிமீட்டர் முன்பே வைத்தோம், காந்தத்தை முன்னால் மாற்றினோம், டயோடும் போட்டாயிற்று. நான்காம் காட்சியை இரண்டாக வெட்டி 16 விநாடிக்கு ஒன்று அனுப்பினோம். ஆறு வண்டியும் இரண்டு மணி நேரம் ஓடின, நின்ற வண்டி ஒன்றுகூட அசையவில்லை.

பதில் 2

ரொம்ப மகிழ்ச்சி. செயல்முறைத் தேர்வுக்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சென்சார் கம்பியைப் பிடுங்கிவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கேட்டவர்

பிடுங்கினோம் அக்கா. மூன்றாம் பிளாக்கில் வந்த வண்டி நிற்கவே இல்லை, நேராகப் போய் முன்னால் நின்றதை இடித்தது. ‘சென்சார் பார்த்தால் நிறுத்து’ என்று எழுதியிருந்ததுதான் காரணம். இரவே நிரலைத் திருப்பி எழுதினோம்: பிளாக்கின் கடைசிப் பகுதி எப்போதும் மின்சாரமில்லாமலே இருக்கும், முன் பிளாக்கை விட்டு வண்டி வெளியேறிய செய்தி வந்தால்தான் மின்சாரம் வரும். மறுபடி அதே கம்பியைப் பிடுங்கினோம். செய்தி வராததால் பின்னால் வந்த வண்டிகள் அங்கங்கே ஒவ்வொன்றாக நின்றுவிட்டன, எதுவும் இடிக்கவில்லை.